பாஸ்டருக்கு வந்த காய்ச்சல்

ஜீவராணியின் புருஷன் சுதாகரனை மண்ணில் வைத்துவிட்டு வந்த வாரமே பாஸ்டர் பிரதீபன் அவள் வீட்டுக்கு வந்தார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா அவளுடையது. படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தேவன் செய்கிற எல்லாவற்றிலும் ஒரு ஞானம் இருக்கிறது என்று பேச ஆரம்பித்தார்.

“அது நமக்கு இப்ப வெளங்காது சிஸ்டர். ஆவியில வளர வளரத்தான் வெளங்கும். பச்சப்புள்ளைக்குப் பால்தான் குடுக்கலாம், சோறு குடுத்தா தொண்டையில நின்னுரும். நீங்க வளரணும். வளந்தீங்கன்னா, சுதாகரன் பிரதர ஏன் எடுத்துக்கிட்டாருன்னு நீங்களே வந்து எனக்குச் சொல்லுவீங்க.”

நல்ல மனதோடுதான் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஜீவராணிக்கு அதுதான் பெரிய தொல்லையாகப் போனது. கெட்டவன் ஒருவன் சொல்லியிருந்தால் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள்.

அவர் போன பிறகு அடுப்படியிலிருந்து மாமியார் வெள்ளையம்மா எட்டிப் பார்த்தாள். மகனும் மருமகளும் சபைக்குப் போன காலத்திலும் மாரியம்மனை விடாதவள் அவள்.

“என்னா சொல்லிட்டுப் போறாரு அந்த மனுசன்? எம்மவன் செத்தது ஏன்னு தெரிய ஒனக்கு வயசு பத்தலைங்கிறாரா?”

ஜீவராணி ஆறிப்போன தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றினாள்.

உண்மையில் அவளுக்குப் புருஷன் என்று ஒருவன் கிடைத்ததே இந்த பாஸ்டரால்தான். ரத்தினபுரிப் பக்கம், குருவிட்டவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டம் அது. பால் வெட்டுகிற வேலை வாரத்தில் பாதி நாள்கூடக் கிடைக்காமல் போகவே, ஆம்பிளைகள் கீழே மாணிக்கக் குழிகளுக்குக் கூலிக்கு இறங்கினார்கள். பகலெல்லாம் சேற்றுத் தண்ணீரில் நின்றுவிட்டு வருகிறவன் கசிப்புச் சாராயம் குடிக்காமல் வீட்டுக்கு வருவது அபூர்வம். கல்யாணமான புதிதில் சுதாகரனும் அப்படித்தான் கிடந்தான். ஒருமுறை குடி கிடைக்காமல் கைகால் நடுக்கமெடுத்து, சுவரோடு பேசிக்கொண்டு அவன் விழுந்து கிடந்தபோது, ஹட்டன் பக்கமிருந்து புதிதாக ஊழியத்துக்கு வந்திருந்த பிரதீபன்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். வாந்தியை அள்ளினார். நனைந்த சாரத்தை அவரே அலசிப் போட்டார். அவன் தெளிந்து எழும்பும் வரைக்கும் தன் வீட்டுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு சுதாகரன் குடிக்கவில்லை. தகரக் கூரை போட்ட சபையில் முன் வரிசையில் நின்று எல்லாருக்கும் மேலே கேட்கிற குரலில் பாடினான். ஜீவராணியும் அவனும் ஒரே நாளில் குரு கங்கையில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தார்கள். அப்படிப்பட்ட பாஸ்டர் சொன்னதை அவர்கள் எப்படி நம்பாமல் இருப்பார்கள்?

சுதாகரனுக்குக் காய்ச்சல் வந்தது மழை தொடங்கிய காலத்தில். குழி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாத்தயா எலிக்காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சுதாகரன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், விழுங்கவில்லை. விசுவாசிக்கு எதற்கு மாத்திரை என்று சபையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. காய்ச்சலோடு கெண்டைக்காலைத் தொட முடியாத வலி. கண் இரண்டும் சிவந்து கிடந்தன. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று ஜீவராணி சொன்னதற்கு, “பாஸ்டர்கிட்ட ஒரு வார்த்த கேளு” என்றான்.

பாஸ்டர் வந்து நெற்றியில் கை வைத்து வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “தேவன் எனக்கு வார்த்த குடுத்திருக்காரு. இது சாகுற வியாதி இல்ல. விசுவாசத்துல நில்லுங்க.”

உபவாச ஜெபம் தொடங்கியது. வீட்டுக்குள்ளும் வாசலிலும் ஆட்கள் நின்று பாடினார்கள். மழை இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்டது. சுதாகரன் உதட்டை அசைத்துக் கூடப் பாடப் பார்த்தான். கண்ணின் சிவப்பு மஞ்சளாக மாறியது, மூத்திரம் நின்றது. பாட்டு நிற்கவில்லை. கடைசியில் ஜீவராணி யாரையும் கேட்காமல் சந்திக்கு ஓடி, ரிப்கானின் ஆட்டோவைக் கூட்டி வந்தாள். ரத்தினபுரி பெரியாஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி அவனைப் பார்த்த மாத்திரத்தில், “மீ உண”, எலிக்காய்ச்சல், என்று தாதிக்குச் சொல்லிவிட்டு, இவள் பக்கம் திரும்பி ஏன் இவ்வளவு சுணங்கினீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாள். ஜீவராணிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் காய்ச்சல் தொடங்கிய நாளை மட்டும் சொன்னாள், ஜெபத்தைச் சொல்லவில்லை.

மறுநாள் அவன் செத்துப்போனான்.

அதற்குப் பிறகும் அவள் சபைக்குப் போனாள். ஏன் போகிறாய் என்று வெள்ளையம்மா கேட்டாள்; பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். அவன் பாடின இடம் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதோடு, வளர்ந்தால் விளங்கும் என்றாரே, வளர்ந்துதான் பார்ப்போமே என்ற வீம்பும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்தாள். வேதத்தை முதலிலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி, அவன் திரும்பக் குடியில் விழுந்துவிடுவான் என்று தெரிந்துதான் தேவன் முந்திக்கொண்டார் என்றாள். இன்னொருத்தி, ஜீவராணியைப் புடமிடுவதற்காக என்றாள். பரலோகத்தில் பாடுவதற்கு ஆள் தேவைப்பட்டது என்றாள் மற்றொருத்தி. சபையின் மூப்பர் அருளப்பன் மட்டும், வீட்டில் அம்மன் படம் இருந்தால் ஜெபம் எப்படிக் கேட்கப்படும் என்று வெளிப்படையாகவே கேட்டார். எல்லாரும் தேவனுக்கு வக்கீலாக நின்றார்கள். செத்தவன் பக்கம் நிற்க ஒருவரும் இல்லை.

அவள் ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மனதில் போட்டுப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை.

அடுத்த பெரிய வெள்ளிக்கிழமை பாஸ்டர் சிலுவையின் ஏழு வார்த்தைகளைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். என்னை ஏன் கைவிட்டீர் என்று இயேசு கேட்ட இடத்துக்கு வந்ததும், இதற்குள் எத்தனை ஆழமான ஞானம் என்று சொல்லி மளமளவென்று விளக்கிவிட்டு அடுத்ததுக்குத் தாண்டினார். ஜீவராணியால் தாண்ட முடியவில்லை. கேட்டவருக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லையே என்பதுதான் அவள் காதில் விழுந்தது. பிதாவே மகனுக்குச் சொல்லாத காரணத்தை, இந்தச் சபையில் ஆளுக்கொருவர் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ரப்பர் மரங்களுக்கிடையில் நடக்கும்போது அதையே நினைத்தாள். பட்டையைக் கீறி, சிரட்டையைச் சரி பண்ணி, அடுத்த மரத்துக்குப் போகிற இடைவெளியில் அவளுடைய ஜெபமெல்லாம் இப்போது ‘ஏன்’ என்ற ஒன்றுதான். பதில் வரவில்லை. ஆனால் கேட்கக் கேட்க, கேட்கிற தன்னை யாரும் விரட்டவில்லை என்பது மட்டும் தெரிந்தது. மெதுவாக அவளுக்கு ஒன்று பிடிபட்டது. காரணம் கேட்டு அடம் பிடிப்பது குழந்தைக் குணம் என்றால், தெரியாத காரணத்தைத் தேவன் பெயரில் சொல்லி வாயை அடைப்பது அதைவிடக் குழந்தைக் குணம். வளர்ந்தவர்கள் தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டு, தெரிந்ததைச் செய்வார்கள். தெரிந்தது கொஞ்சம்தான். காய்ச்சல்காரனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது மாதிரி.

இது பிடிபட்டதில் அவளுக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. இவ்வளவு சாதாரண விஷயம் விளங்குவதற்கு ஒருத்தன் சாக வேண்டியிருந்ததா என்று வாயெல்லாம் கசந்தது.

அந்த வருஷ மழையில் ஆறு பெருகி, சந்திக்குக் கீழே இருந்த வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று பார்க்காமல் பாஸ்டர் பிரதீபன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கிழடு கட்டைகளைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தார். புத்த கோயிலான பன்சலையில் சமைத்த சோற்றுப் பார்சலைத் தலையில் சுமந்து வீடு வீடாகக் கொடுத்தார். காலில் ஏற்கனவே இருந்த புண்ணை அவர் கவனிக்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு காலை. ஜீவராணி பால் நிறுக்கிற கொட்டிலில் வாளியைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது, பாஸ்டரின் மனைவி பிரேமலதா குடைகூட இல்லாமல் வந்தாள். சின்னவளை இடுப்பில் வைத்திருந்தாள்.

“அக்கா, அவருக்குக் காய்ச்சல். கெண்டக்கால் வலின்னு அழுவுறாரு. கண்ணு ரத்தமா செவந்து கெடக்கு.”

ஜீவராணி அவளைப் பார்த்தாள். எதற்கு இந்த அடையாளங்களைத் தன்னிடம் வந்து சொல்கிறாள் என்று விளங்கியது. தோட்டத்தில் இவற்றை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தவள் வேறு யார்?

கிடக்கட்டும் என்று தோன்றியது. உண்மையைச் சொல்வதென்றால் அது வந்து உடனே போகிற நினைப்பாக இருக்கவில்லை. அவள் வாளியைக் கழுவினாள். கழுவின வாளியைத் திரும்பவும் கழுவினாள். விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை நகத்தால் உரித்து உரித்துப் போட்டாள். கிடக்கட்டும், நாலு பேர் சுற்றி நின்று பாடட்டும், அவரும் கூடப் பாடிப் பார்க்கட்டும். பிரேமலதா மழையிலேயே நின்றாள். குழந்தை தாயின் தாலிச் சங்கிலியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுதானே?” ஜீவராணி வாளியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“வரமாட்டேங்கிறாரு. போனா, சுதாகரன் அண்ணனுக்குச் சொன்னதெல்லாம் பொய்யாயிரும்ங்கிறாரு. நான் சொல்லிக் கேக்கல. நீங்க சொன்னா கேப்பாரு.”

“நான் என்னா சொல்றது?”

பிரேமலதா குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். ஜீவராணி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ரிப்கானுக்கு அழைப்பு எடுத்துச் சபைக்கு வரச் சொன்னாள்.

சபையின் பின்பக்கம் இரண்டு அறைதான் பாஸ்டரின் வீடு. முன்னால் மண்டபத்தில் ஆட்கள் முழங்காலில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். மூப்பர் அருளப்பன் அறை வாசலில் நின்றார்.

“உள்ள ஜெபம் நடக்குது சிஸ்டர்.”

“நடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். குரல் கேட்டுத் திரும்பினார். முகம் சுண்டி, கண் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

“ஜெபம் பண்ணவா வந்தீங்க சிஸ்டர்?”

“இல்ல. ஒண்ணுக்குப் போனீங்களா?”

அவர் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பினார். “நேத்துலருந்து சரியா இல்ல.”

“ஆட்டோ வருது. எந்திரிங்க.”

“நான் போக முடியாது.” மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகப் பேசினார். “ஒங்க வீட்டுக்காரரப் படுக்க வச்சு, விசுவாசத்துல நில்லுங்கன்னு சொன்னவன் நான். எனக்குன்னு வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடுனா, அவரு எதுக்குச் செத்தாரு? தேவன் அவருக்குக் குடுக்காதத நான் எப்படி எடுத்துக்கறது?”

அவர் தைரியமாகப் பேசவில்லை, பயந்துபோய்ப் பேசுகிறார் என்று ஜீவராணி கண்டாள். சாவுக்கல்ல அந்தப் பயம். பிழைத்தால் யாராகப் பிழைக்க வேண்டியிருக்கும் என்பதற்கு.

“தேவன் குடுக்காம இல்ல பாஸ்டர். டாக்டரு இருந்தாங்க, மருந்து இருந்துச்சு, ரோட்டுல ஆட்டோ இருந்துச்சு. நீங்கதான் குடுக்க விடல.”

மண்டபத்தில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது.

“அப்ப எனக்குக் கெடச்ச வார்த்த?”

“அது ஒங்க வார்த்த. அவரு மேல ஒங்களுக்குப் பிரியம். சாகக்கூடாதுன்னு ஆசப்பட்டீங்க. அந்த ஆசயத் தேவன் சொன்னதாச் சொல்லிட்டீங்க.”

“அப்ப நாந்தானா சிஸ்டர்?”

இல்லை என்று சொன்னால் அவர் எழும்பி வருவார் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பொய்யைச் சொல்லத்தான் பிரேமலதா அவளைக் கூட்டி வந்திருந்தாள் போலும். சொல்ல வாய் வரவில்லை.

“ஆமா” என்றாள். “நீங்கதான். நானுந்தான், கேட்டுக்கிட்டு இருந்தேனே. அதுக்காக நீங்க சாக வேணாம். நீங்க செத்துட்டா, அதுக்கும் ஒருத்தரு வருவாரு. கதிரையில ஒக்காந்து, இதுலயும் தேவ ஞானம் இருக்கு, வளந்தா வெளங்கும்னு ஒங்க புள்ளைங்ககிட்ட சொல்லுவாரு. சிலுவையில தொங்குனவரே ஏன்னு கேட்டாரு, பாஸ்டர். அவருக்கே அங்க பதில் சொல்லல. இதுங்களுக்கு யாரு சொல்லப் போறா?”

அவர் அழுதார். பிறகு கையை ஊன்றி எழும்பப் பார்த்தார், முடியவில்லை. ஜீவராணி ஒரு பக்கமும் ரிப்கான் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, பாடிக்கொண்டிருந்த ஆட்களுக்கு நடுவே அவரை வெளியே கொண்டுவந்தார்கள். பாட்டு அறுந்தது. “விசுவாசத்தக் கெடுக்காதீங்க சிஸ்டர்” என்று அருளப்பன் கையை நீட்டி மறித்தார். ரிப்கான், “அண்ணே, கொஞ்சம் எடம் விடுங்க, ஆள் பாரமா இருக்கு” என்றான். அவர் விலகினார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் போட்டார்கள். வார்டில் பிரேமலதாவோடு ஜீவராணியும் மாறி மாறி இருந்தாள். அவர் பிழைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. நிற்கப் பலமில்லாமல் பாஸ்டர் கதிரையில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தார். என்ன சொல்லப் போகிறார் என்று ஜீவராணிக்குக் கூடத் தெரியாது.

“சுதாகரன் பிரதர் சாக வேண்டிய ஆள் இல்ல” என்றார். “ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா என்னய மாதிரி உசுரோட இருந்திருப்பாரு. தேவன் சொல்லாதத சொன்னாருன்னு நான் சொன்னேன். ஜீவராணி சிஸ்டர்கிட்டயும், வெள்ளையம்மா அம்மாகிட்டயும்...”

அதற்குள் அருளப்பன் எழும்பி வந்து, தோளில் கை வைத்து, மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். “பாஸ்டர் இன்னும் பலவீனமா இருக்காரு. மரணத்தோட வாசல்லருந்து தூக்கி எடுத்த தேவனுக்கு நாம எல்லாரும் கைதட்டி மகிமை செலுத்துவோம்” என்றார்.

கைதட்டல் தகரத்தில் மோதி இரைந்தது. அழுதுகொண்டே தட்டினார்கள், மனசாரத் தட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஓர் அற்புதம், அது கிடைத்துவிட்டது. மெஷின், மருந்து, டாக்டர், செத்துப்போனவன் எல்லாம் அந்தச் சத்தத்துக்கு அடியில் போனது. ஜீவராணி எழும்பி, “அவரு சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சா?” என்றாள். பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்து இழுத்து, “ஒக்காரு ராணி, நல்ல நாளும் அதுவுமா” என்றாள்.

கொழும்பிலிருந்த தலைமைச் சபை பாஸ்டரை வேறு ஊருக்கு மாற்றியது. காய்ச்சலில் புத்தி கொஞ்சம் தடுமாறிவிட்டது என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் விசுவாசத்தைக் குலைத்தவள் என்ற பெயர் ஜீவராணிக்கு வந்தது. பெண்கள் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். புதிதாக வந்த பாஸ்டர் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளோடு வந்து, முதல் வாரமே சுகமளிக்கும் கூட்டம் அறிவித்தார்.

போகிற அன்று பிரதீபன் விடைபெற வந்தார். இந்த முறை உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றார்.

“ஆவியில வளந்தவங்கன்னா நீங்கதான் சிஸ்டர். நான் பிரசங்கம் பண்ணுனேன், ஒங்களுக்குத்தான் வெளங்குச்சு.”

“அந்தப் பேச்சு வேணாம் பாஸ்டர். அதுக்கு நான் என்னா குடுத்தேன்னு ஒங்களுக்குத் தெரியும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “என்ன மன்னிச்சிட்டீங்களா?”

ஜீவராணி தன்னை ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொண்டாள். சொல்லிவிடுவது லேசு. அவர் சந்தோஷமாகப் போவார்.

“தெரியல. மன்னிக்கிற மனசக் குடுக்கச் சொல்லித்தான் தெனம் ஜெபம் பண்றேன். இன்னும் வரல. இல்லாதத இருக்குன்னு சொல்ல மாட்டேன்.”

அவர் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார். கீழே வேனில் பிரேமலதாவும் பிள்ளைகளும் இருந்தார்கள். வேன் வளைவு திரும்பும் வரைக்கும் ஜீவராணி நின்றாள்.

உள்ளே வெள்ளையம்மா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

“கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். அந்த மனுசன எதுக்குக் காப்பாத்துன?”

“விட்டிருந்தா ஒங்க மகன் எந்திரிச்சு வந்திருப்பாரா மாமி?”

“வந்திருக்க மாட்டான்.” வெள்ளையம்மா மாவை உருட்டிப் பலகையில் வைத்தாள். “ஆனா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.”

ஜீவராணி அவளுக்கு எதிரே குந்திக்கொண்டு, ஓர் உருண்டையை எடுத்துக் கையால் தட்டினாள்.

“எனக்குந்தான் மாமி” என்றாள்.